ராஜாவுக்கு ஒரு குதிரைத் தாவல்

ஜூன் 16, 2025, திங்கள்

அமுது இன்றும் என்னை ஜெயித்துவிட்டாள். ஸ்கூல் விட்டு வந்தவள் ஷூவைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை, சதுரங்கப் பலகையை விரித்துவிட்டாள். இரண்டு சிப்பாய்களை ஒரே நேரத்தில் ஒவ்வொரு கட்டம் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கினாள். நடுவில் நான் செக் வைக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் ராஜாவைக் குதிரை மாதிரி ஒரு தாவு தாவ வைத்துத் தப்பித்தாள். ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை ராஜாவுக்கு அந்தச் சலுகை உண்டு. காலேஜ் ஹாஸ்டலில் கிரிஜா அக்கா எனக்குச் சொல்லித் தந்த ஆட்டம். போன லீவில் நான் அமுதுவுக்குச் சொல்லித் தந்தேன்.

அப்புறம் என் ராணியைக் கொண்டுபோய் அவள் யானைக்கு எதிரே நிறுத்தினேன். தெரிந்தேதான்.

“அம்மா, யூ டிடன்ட் சீ!” என்று குதித்தாள்.

போன வருஷம் காலனி விழாவில் மியூசிக்கல் சேரில் முதலிலேயே வெளியே வந்ததற்கு அழுது அழுது ராத்திரி ஜுரம் வந்துவிட்டது அவளுக்கு. அந்த ஜுரத்தை நினைத்தால் ஒரு ராணி போனால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி ஹாலில் குழந்தைகளுக்கான சதுரங்கப் போட்டி. பேர் கொடுத்துவிட்டேன். அவள் அப்பா வைத்தி, “அதுக்குள்ள போட்டியா சாரு? மூணாங்கிளாஸ்தானே” என்றார். தினமும் ஜெயிக்கிற குழந்தைக்கு என்ன பயம்?

ஜூன் 22, ஞாயிறு

எங்கிருந்து எழுதுவது.

பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்றார்கள். கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். அமுது முதல் நகர்த்தலை வைத்ததுமே எதிரே உட்கார்ந்திருந்த சிறுமி கையைத் தூக்கினாள். நடுவர் வந்து குனிந்து ஏதோ சொன்னார். ஒரு சிப்பாயை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். கடிகாரத்தில் அந்தச் சிறுமிக்கு நேரத்தைக் கூட்டினார். சரியான கோள்மூட்டி என்று அந்தக் குழந்தையை மனசுக்குள் திட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கை. நடுவர் இந்தத் தடவை தலையை ஆட்டிவிட்டு இருவரையும் கைகுலுக்கச் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் சிரித்தார்கள். அமுது கைகுலுக்கினாள், எழுந்தாள், நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

நடுவர் பின்னாடியே வந்தார். தன்மையான மனிதர். இங்கிலீஷில்தான் பேசினார். ராஜா எப்போதும் ஒரு கட்டம்தான் போகுமாம், குதிரை மாதிரி தாவாதாம். முதல் நகர்த்தலில் ஒரு காயைத்தான் தொடலாமாம். விதிக்குப் புறம்பான நகர்த்தல் இரண்டு முறை வந்தால் ஆட்டம் போச்சாம். “யார் மேடம் பாப்பாவுக்குக் கோச்?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எம்.எஸ்ஸி. கணக்கு படித்தவள். ஒரு விதியைச் சரிபார்க்கத் தோன்றவில்லை என்று எப்படிச் சொல்வது? அமுது என்னை அண்ணாந்து பார்த்தாள். கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவளே, “அம்மா” என்று சொன்னாள்.

மற்ற சுற்றுகளுக்கு உள்ளே போக மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது தெலுங்கு. கோபம் வந்தால் அவளுக்கு இந்த ஊர்த் தெலுங்குதான் வரும். “நீக்கு தெலீது.” உனக்குத் தெரியாது. நிற்காமல் அதையே சொன்னாள். “நீக்கு ஏமீ தெலீது.” உனக்கு ஒன்றுமே தெரியாது.

சாயந்திரம் பால் டம்ளரை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப நான் உன்னை டெய்லி ஜெயிச்சது?”

“அது நிஜம்தான்டா கண்ணா.”

“உன் ராணி டெய்லி என் யானை முன்னாடியே வந்து நிக்குமே. நீ வேணும்னே தோத்தியா?”

“சேச்சே, இல்லடா.”

பாலைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

ஜூன் 23, திங்கள்

பலகை பரண் மேலே போய்விட்டது. நான் வைக்கவில்லை. ஸ்டூல் போட்டு அவளே ஏறியிருக்கிறாள். விழுந்திருந்தால்?

ஜூன் 25, புதன்

தேடிப் படித்தேன். கிரிஜா அக்கா ஏமாற்றவில்லை. நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு அப்படித்தான் ஆடியிருக்கிறார்கள்: தொடக்கத்தில் இரண்டு சிப்பாய், ராஜாவுக்கு ஒரு தாவல், சிப்பாய் எந்தக் காயின் வரிசையில் கடைசி வரை போகிறதோ அந்தக் காயாக மாறும். போட்டி ஆட்டத்தில் இது எதுவுமே கிடையாது.

வைத்தியிடம் சொன்னேன். “எங்க வீட்லயும் அப்படித்தானே ஆடுவோம்! சிப்பாய் யானை கட்டத்துக்குப் போனா யானைதான ஆகும்?”

“இல்லையாம். ராணி, யானை, குதிரை, மந்திரி, எது கேட்டாலும் ஆகுமாம்.”

“அடப்பாவிங்களா, எங்க அண்ணன் எத்தனை ஆட்டத்துல என்னை ஏமாத்தியிருக்கான்!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னார்: “விடு சாரு. ஸ்கேட்டிங்ல சேத்துடலாம்.”

ஜூன் 28, சனி

சதுரங்கத்தோடு போயிருந்தால் விட்டிருப்பேன்.

வௌவால் பறவை இல்லை, பாலூட்டி என்று சொன்னேன், அவள் வீட்டுப்பாடத்துக்கு. “டாடி வரட்டும்” என்றாள். வைத்தி வேலை பார்க்கிற லேபுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டுவிட்டுச் சாயந்திரம் கம்பெனி பஸ் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் எழுதினாள். நேற்று ஏழாம் வாய்ப்பாடு. அதற்கு முந்தின நாள் இருமலுக்குத் தேன். “ஹூ டோல்ட் யூ?” என்று கேட்கிறாள்.

எட்டு வயதில் வௌவால். பதினாலு வயதில் வேறு ஏதாவது வரும். அப்போது நான் ஒன்று சொன்னால் கேட்பாளா? தெரியாத ஊரில், தெரியாத பாஷையில், யார் யாரோ சொல்வதை நம்பிவிட்டு என்னிடம் மட்டும் வராமலே போய்விட்டால்? எங்கேயோ போய்விட்டது யோசனை. தூங்கணும்.

ஜூலை 2, புதன்

சதுரங்கம் கற்றுக்கொள்ளப் போகிறேன். முதலிலிருந்து. ஒன்றுமே தெரியாதவள் மாதிரி. மாதிரி என்ன, தெரியாதவள்தான்.

ஜூலை 6, ஞாயிறு

நாலு நாள் வீடியோ பார்த்ததன் பலன் பூஜ்யம். அந்தப் பையன் அழகாகத்தான் சொல்கிறான். கேட்கும்போது எல்லாம் புரிகிறது, தலையைத் தலையை ஆட்டுகிறேன். பரணிலிருந்து இறக்கிய பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கார் ஓட்டும் வீடியோ பார்த்துவிட்டு வண்டியை எடுத்தவள் கதி. தொடக்க ஆட்டங்களுக்கு எத்தனை பேர்கள்! நான்கு நகர்த்தலை மனப்பாடம் செய்து வைத்தால் எதிராளி இரண்டாவதிலேயே வேறு எதையோ வைக்கிறான். பரீட்சைக்கு இந்தக் கேள்வி வரும் என்று படித்துவிட்டுப் போன மாதிரி.

ஜூலை 10, வியாழன்

போனில் முகம் தெரியாதவர்களோடு வேக ஆட்டம். காய்கறிக்காரரிடம் நின்றுகொண்டே ஆடினேன், தோற்றேன். தோசைக்கல் காய்கிற நேரத்தில் ஆடினேன், தோற்றேன். நாலே நகர்த்தலில் ராணியும் மந்திரியும் சேர்ந்து என் ராஜாவை முடித்தார்கள். அதே பொறியில் மறுபடியும் விழுந்தேன். கை மட்டும் வேகமாகிவிட்டது, மூளை வரவேயில்லை. அழித்துவிட்டேன் அந்த ஆப்பை.

புதிர்கள் மட்டும் பரவாயில்லை. ‘ஒரே நகர்த்தலில் மேட்’ மாதிரியானவை. இட்லி வேகிற நேரத்துக்கு ஒன்று. ஒரு புதிரை விடாமல் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் திடீரென்று குதிரை எழுந்து நின்று ‘நான்தான்’ என்று சொல்கிறது. அந்த நொடி பிடிக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

எதிர் குவார்ட்டர்ஸ் நஸ்ரினிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தாத்தா காலத்திலேயே வாணியம்பாடியிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழும் உருதும் ஒரே மூச்சில் வரும் அவளுக்கு.

“கைக்கு அக்கா, எதுக்கு இவ்ளோ டென்ஷன்? செஸ்தானே, எம்செட் என்ட்ரன்ஸ் பரீட்சையா?”

“நீயும் ஆடுறியா என்கூட?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“எனக்கும்தான்.”

“ஹவ்? ஆமாவா? அப்ப சரி. தெரிஞ்சவங்ககூட ஆடறது நக்கோ, வேணாம். மானம் போயிடும்.”

மந்திரியை அவள் ஒட்டகம் என்கிறாள். குறுக்கே ஓடுவது எப்படி மந்திரியாகும் என்று கேட்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து போனாலு திருவிழா மேளம். அந்தச் சத்தத்திலும் நஸ்ரின் வீட்டில் ஆடினோம். இன்று ஒன்று கண்டுபிடித்தேன். எல்லாக் காய்களையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் எங்கள் இருவருக்குமே கண்ணைக் கட்டுகிறது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம். ஆளுக்கு ஒரு ராஜா, கொஞ்சம் சிப்பாய்கள், அவ்வளவுதான். திடீரென்று பலகை பெரிதாகிவிட்டது. ஒரு கட்டம் முன்னால் போவதா, காத்திருப்பதா என்பது மட்டுமே கேள்வி. ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடங்கிப் பின்னாடி போவதுதான் எனக்கு ஏறுகிறது. பிறகு ஆளுக்கு ஒரு யானை சேர்த்தோம்.

இன்னொன்று. கை வைப்பதற்கு முன் ‘அவள் இதை ஏன் வைத்தாள்?’ என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்கிறோம். நான் இதுவரை என் காயை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவளுக்கும் ஒரு ஆசை இருக்கும் என்றே தோன்றியதில்லை.

நஸ்ரின் யானையைத் தேவையில்லாமல் மூலையில் நிறுத்தியிருந்தேன். “பாரு உன் யானையை. கல்யாண வீட்ல கோச்சுக்கிட்டு உக்காந்த சம்பந்தி மாதிரி” என்றேன். “கோச்சுக்கலை அக்கா, பிரியாணிக்கு வெயிட் பண்ணுது” என்றாள். அடுத்த இரண்டு நகர்த்தலில் அதே யானை என் சிப்பாய்கள் இரண்டையும் தின்றது.

(மேலே தப்பாக எழுதியிருக்கிறேன். யானையை நிறுத்தியது நான் இல்லை, அவள். தூக்கம் வருகிறது.)

ஜூலை 26, சனி

இன்று எங்கள் வீட்டில் ஆடினோம். அமுது சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்தாள், எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது உண்டே, கோட்டை கட்டுவது, அதில் எனக்கும் நஸ்ரினுக்கும் சண்டை. வழியில் இருக்கிற கட்டத்தை எதிராளியின் மந்திரி குறிவைத்திருந்தால் கட்டலாமா கூடாதா? நான் கட்டலாம் என்றேன். அவள் ஒட்டகம் சும்மா விடாது என்றாள்.

தலையைத் தூக்காமலே அமுது சொன்னாள்: “கட்ட முடியாது ஆண்ட்டி. ராஜா செக் வழியா கிராஸ் பண்ணக் கூடாது.”

நஸ்ரின் என்னைப் பார்த்தாள். நான் அமுதுவைப் பார்த்தேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“லைப்ரரி பீரியட்ல ஆடறோம்.”

“எப்பலேர்ந்து?”

“அப்பலேர்ந்துதான்.”

“என்கிட்ட சொல்லவே இல்லையேடா.”

பென்சிலைச் சீவினாள். “சொன்னா நீ மறுபடி தப்பா சொல்லித் தருவ.”

நஸ்ரின், “அடுப்புல என்னமோ வெச்சுட்டு வந்தேன்” என்று நழுவிவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இருந்திருக்காது.

அவள் ஆட்டத்தை விடவில்லை. என்னைத்தான் விட்டிருக்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் தலை பின்னும்போது சொல்லிவிட்டேன். அவள் முகம் தெரியாமல் இருந்ததால் சொல்ல முடிந்தது. “ஜூன்ல நான் வேணும்னேதான் தோத்தேன் அமுது. இல்லைன்னு சொன்னது பொய்.”

ரிப்பனை எடுத்துக் கொடுத்தாள்.

“நான் இனிமே சொல்லித் தர மாட்டேன். சும்மா ஆடலாமா?”

பின்னி முடிக்கும்வரை யோசித்தாள். அப்புறம், “வேணும்னே தோக்கக் கூடாது” என்றாள்.

“மாட்டேன்.”

“ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தினமும் ஆடுகிறோம். தினமும் தோற்கிறேன். நிஜமாகவே தோற்கிறேன்! ஸ்கூலில் பெரிய வகுப்புப் பிள்ளைகளோடெல்லாம் ஆடிப் பழகியிருக்கிறாள். நேற்று ஒரே குதிரையால் என் ராஜாவையும் ராணியையும் சேர்த்துத் தாக்கினாள். வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஆனால் என் ராணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சந்தோஷமும் இல்லை அவள் முகத்தில். “வேணும்னே குடுத்தியா?”

“இல்லடி, சத்தியமா பாக்கலை.”

“ம்.”

அந்த ‘ம்’ இருக்கிறதே. வைத்தி லேபில் யாராவது ரிப்போர்ட்டை நம்பாதபோது இப்படித்தான் சொல்வார்களாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று புரிந்தது, துணி காயப்போடும்போது. நான் எத்தனை முறை சத்தியம் செய்தாலும் தோல்வியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நிஜமான தோல்வியும் பொய்த் தோல்வியும் பலகையில் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் ஜெயிக்கவேண்டும். ஒரே ஒரு தடவையாவது அவளை ஜெயித்தால்தான் மற்றத் தோல்விகளை நம்புவாள்.

என் குழந்தையைத் தோற்கடிக்க நான் படிக்கவேண்டும். என்ன கொடுமை இது.

வைத்தியிடம் சொன்னேன். “அழுவாளே” என்றார்.

“அழுவா.”

“ஜுரம் வந்தா?”

“தெரியலை” என்றேன். இதற்கு முன் இந்த வார்த்தையை நான் அவரிடம் சொன்னதாகவே நினைவில்லை. எப்போதும் எனக்கு ஏதாவது ஒரு பதில் இருக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து வந்து நஸ்ரினோடு ஒரு நீண்ட ஆட்டம். தோற்ற ஆட்டத்தை அப்படியே திருப்பி வைத்துப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஜெயித்தவளும் சேர்ந்து பார்க்கவேண்டும், எழுந்து போகக் கூடாது. எந்த இடத்தில் கவிழ்ந்தது? அநேகமாக நான் நினைக்கிற இடத்தில் இல்லை. அதற்கு நாலைந்து நகர்த்தல் முன்னாடி, எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் நிம்மதியாக இருந்த இடத்தில். வீடியோ, ஆப், மனப்பாடம் எல்லாவற்றையும்விட இதில்தான் நான் கற்றுக்கொண்டேன். ஆனால் இதற்கு ஒரு ஆள் வேண்டும். உன் தோல்வியைப் பார்த்துச் சிரிக்காத ஆள். சரி, நஸ்ரின் சிரிக்கத்தான் செய்கிறாள். ஆனால் கூடவே உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தோல்வி. “வேணும்னேவா?” என்று இன்று கேட்கக்கூட இல்லை. அது இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 23, சனி

மத்தியானம் மழை. கரண்ட் இல்லை. ஜன்னலோரம் பலகையைப் போட்டோம். வைத்தி பக்கத்தில் பேப்பரோடு.

அவள் கோட்டை கட்டியிருந்தாள். ராஜா மூலையில் பத்திரமாக, முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் வரிசையாக. இரண்டு பக்கமும் ராணிகள் போய்விட்டன. என் பக்கத்தில் ஒரு சிப்பாய் தனியாக நின்றது. அவள் கடைசி வரிசையில் இருந்த யானையைக் கொண்டுவந்து அதை வெட்டினாள். “யெஸ்!” என்றாள்.

அவள் இதை ஏன் வைத்தாள்? சிப்பாய்க்காக. வேறு எதுவும் இல்லை. அப்படியானால் அந்த யானை காத்துக்கொண்டிருந்த கடைசி வரிசை?

காலி.

என் யானை நேராக மேலே போனால் செக். ராஜாவுக்கு நகர இடமில்லை. அவனுடைய சிப்பாய்களே அவனை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மறுபடி பார்த்தேன். குறுக்கே வைக்க அவளிடம் எதுவும் இல்லை. மறுபடியும் பார்த்தேன். புதிரில் வருகிற அதே சந்தோஷம். நிமிர்ந்தேன். பாதிச் சிரிப்பில் இருந்தாள் அவள். முன்பல் ஒன்று இப்போதுதான் முளைக்கிறது. வேறு ஏதாவது வைத்துவிடலாம். சிப்பாயைத் தள்ளினால் போதும், அவளுக்குத் தெரியவே தெரியாது. யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியுமே.

யானையை மேலே வைத்தேன். “செக்மேட்” என்று சொல்ல வாய் வரவில்லை. “செக்” என்றேன்.

ராஜாவை இங்கே தொட்டாள், அங்கே பார்த்தாள். கண் ஒவ்வொரு கட்டமாகப் போனது. உதடு கோணியது. வைத்தி பேப்பரை இறக்கிவிட்டு என்னை முறைத்தார். பொலபொலவென்று வந்துவிட்டது கண்ணீர். நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்விட்டாள்.

“சந்தோஷமா?” என்றார் வைத்தி.

அமுது சரியாகச் சாப்பிடவில்லை. தயிர்சாதம் நான்கு வாய். கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். சூடா, போர்வைச் சூடா? தெர்மாமீட்டர் வைத்தேன். ஜுரம் இல்லை. இப்போது மறுபடி வைத்தேன். இல்லை.

நான் என்ன பண்ணிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பால் வாங்கிக்கொண்டு வந்தால் அவள் எனக்கு முன்னாடி எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பல்லும் தேய்க்கவில்லை. பலகையில் நேற்றைய ஆட்டம், கடைசி நிலை, ஒரு காய் மாறாமல்.

நான் பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றேன்.

“இது ரியலா மேட்தான்,” என்றாள், என்னைப் பார்க்காமல். “எல்லா இடமும் பாத்துட்டேன்.”

என் யானையைக் கீழே இறக்கினாள். அவள் யானையைப் பின்னால் இழுத்து, வெட்டப்பட்ட சிப்பாயை நிமிர்த்தி வைத்தாள். “இங்கதான். நான் இதை எடுத்திருக்கக் கூடாது.” கொஞ்ச நேரம் கன்னத்தில் கை. பிறகு ராஜாவுக்கு முன்னால் இருந்த ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். “இப்படி ஒரு டோர் ஓபன் பண்ணியிருந்தா?”

சொல்லித் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே.

“சொல்லேம்மா,” என்றாள். “அப்ப நீ என்ன பண்ணியிருப்ப?”

“தெரியலையே அமுது.”

“அப்ப உக்காரு. பாக்கலாம்.”

பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். “சாரிடா, நேத்து…” என்று ஆரம்பித்தேன்.

“அன்னிக்கு குதிரையால உன் ராணிய எடுத்தேன்ல,” என்றாள் நடுவில். “அது நீ நெஜமாவே பாக்கலைதான?”

“பாக்கலை.”

“ம். தெரியும்.”

என் யானையைத் தொடப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். “அவசரப்படாதம்மா. நல்லா பாத்து வை.”